காணொளிக் கூட்டம்: நம் குழுவுக்கு ஏற்ற செயலி எது?



நம் நலக்குழுவின் தன்னார்வலர்களில் சிலர் காஞ்சிபுரத்தில் கடை வைத்திருக்கிறார்கள். சிலர் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள், சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சகோதரிகளுக்கு இரவில் கூட்டத்துக்கு வந்து போவது சிரமம். ஆகவே இஷாவுக்குப் பின் கைப்பேசி வழியே கூடி மஷூரா செய்து வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிகிச்சை உதவி மனுவைப் பரிசீலித்தோம். அந்தக் குடும்பத்தின் கடன், நகை அடகு எல்லாம் பேச்சில் வந்தன. கூட்டத்தின் இணைப்பை எங்களில் ஒருவர் நல்லெண்ணத்தில் ஊர்க் குழுவிலும் அனுப்பியிருந்தார். அதன் வழியே அக்குடும்பத்தின் உறவினர் ஒருவர் நுழைந்து முழுவதையும் கேட்டுவிட்டார். மறுநாள் அந்தத் தாய் வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிழை எங்களுடையது. அதற்குப் பிறகே செயலியைத் தேர்ந்தெடுப்பது பற்றி முறையாக யோசித்தோம். நாங்கள் கற்றதை மற்ற குழுக்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள்

எத்தனை பேர், எவ்வளவு நேரம், பேசப்படுவது என்ன? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜூமின் இலவசக் கணக்கில் 100 பேர் வரை கூடலாம். 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். கூகுள் மீட்டிலும் 100 பேர் சேரலாம். மூவர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 நிமிடம்தான். வாட்ஸ்அப் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். பெரும்பாலோர் கைப்பேசியில் அது ஏற்கெனவே இருப்பதால், பெரியவர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

காசு வாங்காததெல்லாம் ஒரே வகை அல்ல. மூல நிரலைத் திறந்து வைத்து, யாரும் ஆராயவும் தம் சொந்தக் கணினியில் நிறுவி நடத்தவும் இடம் தருவது கட்டற்ற மென்பொருள். ஜிட்சி மீட் அவ்வகை. இதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. 2006 நவம்பர் முதல் இயங்கிவரும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, தன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை ஜிட்சி வழியே நடத்தியிருக்கிறது. இணைப்பைத் தொட்டால் உலாவியிலேயே கூட்டம் திறக்கும். 2023 ஆகஸ்ட் முதல் ஜிட்சியின் பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குபவர் மட்டும் கணக்கு வழியே நுழைய வேண்டும்; மற்றவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை.

பேச்சு அமானிதம்

வாட்ஸ்அப், சிக்னல் குழு அழைப்புகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை. அதாவது, நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் அவற்றைக் கேட்க முடியாது. ஆனால் அழையாத ஒருவரை நாமே உள்ளே விட்டுவிட்டால் எந்த மறையாக்கமும் காப்பாற்றாது. 2020 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் ஜூம் பயன்படுத்துவோருக்கு வெளியிட்ட அறிவுரையில் மூன்று செய்திகள் எந்தச் செயலிக்கும் பொருந்தும்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய எண்ணும் கடவுச்சொல்லும் வையுங்கள், வருபவரைக் காத்திருப்பு அறையில் நிறுத்தி, அடையாளம் பார்த்து அனுமதியுங்கள், எல்லோரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டுங்கள்.

டேட்டா செலவையும் பாருங்கள்

படம் ஓடினால் டேட்டா விரைவில் தீரும். ஒரே கைப்பேசியைப் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் உண்டு. தொடக்கத்தில் முகம் காட்டி ஸலாம் சொல்லிவிட்டு, பிறகு குரலில் மட்டும் பேசினால் போதும். கேமராவை அணைத்து வைக்க விரும்பும் சகோதரிகளை வற்புறுத்த வேண்டாம்.

ஒன்றையே நம்பியிராதீர்கள்

2003இல் தொடங்கி உலகமே பயன்படுத்திய ஸ்கைப், 2025 மே 5 அன்று மூடப்பட்டது. உறுப்பினர்களின் தொலைபேசி எண்களையும் கூட்டக் குறிப்புகளையும் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

எங்கள் முடிவு

கல்வி வழிகாட்டல், மருத்துவ விளக்கம் போன்ற பொதுக் கூட்டங்களுக்கு ஜிட்சி. குடும்பங்களின் மனுக்களுக்குப் பொறுப்பாளர்கள் மட்டும் சேரும் வாட்ஸ்அப் அழைப்பு. அங்கும் மனுவின் எண்ணைச் சொல்வோம், பெயரைச் சொல்வதில்லை. யாரும் ஒலிப்பதிவு செய்வதில்லை. அருகில் வேறு யாரும் இல்லாத இடத்தில் அமர்ந்தே பேசுகிறோம்.

அந்தத் தாயின் வீட்டுக்கு நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். புதிய முறையை விளக்கிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு உள்ளே போய் அதே மனுவை எடுத்து வந்து எங்கள் கையில் கொடுத்தார். இம்முறை அதைப் பாதுகாப்போம், இன்ஷா அல்லாஹ்.