கன்றுக்குச் சீம்பால், பின்னர் தடுப்பூசி: நோய் எதிர்ப்புச் சக்தி உண்டாகும் விதம்

"தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வந்துவிட்டதே, பிறகு எதற்கு ஊசி?" கால்நடைப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கேள்வி எழாத நாள் குறைவு. நியாயமான கேள்விதான். கோமாரி கண்ட கறவை மாடு பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். ஆனால் பால் குறைந்துவிடும், மடி கெடும், சினை பிடிப்பது தள்ளிப் போகும். உழவு மாடாக இருந்தால் வெயிலில் மூச்சிரைத்து வேலைக்கு உதவாமல் போவதும் உண்டு. இரண்டு மாடுகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு இது பெரிய இழப்பு ஆகும்.

தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்து கொண்டால், அது எப்போது பலன் தரும், எப்போது தராது என்பதும் விளங்கிவிடும்.

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

நோய்க் கிருமி உடலுக்குள் புகுந்ததும் இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டு, அதைப் பிடித்து முடக்கும் ஒரு புரதப் பொருளை உற்பத்தி செய்கின்றன. இதுவே எதிர்ப்பொருள். விஞ்ஞானிகள் இதனை இம்யூனோகுளோபுலின் என்பர். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஒரு நோய்க்கான எதிர்ப்பொருள் அந்த நோய்க்கே பயன்படும். சப்பை நோய்க்கு எதிரான பொருள் தொண்டை அடைப்பானைத் தடுக்காது.

முதல்முறை ஒரு கிருமியைச் சந்திக்கும்போது போதுமான எதிர்ப்பொருள் உண்டாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். தொண்டை அடைப்பான் போன்ற நோய்களோ ஓரிரு நாட்களிலேயே மாட்டைச் சாய்த்துவிடும். பிழைத்த பிராணியின் உடலில் மட்டும் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக் கொள்ளும் அணுக்கள் தங்கிவிடுகின்றன. மறுமுறை அதே கிருமி வந்தால் சில நாட்களிலேயே, முன்னைவிடப் பன்மடங்கு அதிகமாக எதிர்ப்பொருள் சுரக்கிறது.

கைமாற்று நெல்லும் சொந்த விளைச்சலும்

உடலுக்கு இந்தப் பாதுகாப்பு இரண்டு வழிகளில் கிடைக்கலாம். வீட்டில் நெல் இல்லாதபோது பக்கத்து வீட்டில் கைமாற்றாக ஒரு மரக்கால் வாங்கினால் அன்றே உலை வைக்கலாம். ஆனால் அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாமே விதைத்தால் அறுவடை வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் மிஞ்சும்.

வேறொரு பிராணி உற்பத்தி செய்த எதிர்ப்பொருளைப் பெறுவது கைமாற்று நெல் போன்றது. உடனே பலன் தரும். சில வாரங்கள் அல்லது சில மாதங்களில் கரைந்துவிடும். தடுப்பூசி சொந்த விளைச்சல் போன்றது. பலன் தர நாளாகும். நினைவு அணுக்கள் உண்டாவதால் நீடித்து நிற்கும். நல்ல வளர்ப்பு என்பது இந்த இரண்டையும் உரிய நேரத்தில் பயன்படுத்துவதே ஆகும்.

சீம்பாலே முதல் மருந்து

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே நச்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகிறது. பசு, எருமை, ஆடு ஆகியவற்றில் அப்படி இல்லை. அவற்றின் நச்சுக்கொடி எதிர்ப்பொருளைக் கடத்துவதில்லை. ஆகவே கன்றும் குட்டியும் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் பிறக்கின்றன. அவற்றுக்குத் தேவையான எதிர்ப்பொருளைத் தாய் சீம்பாலில் சேர்த்து வைத்திருக்கிறது.

இதில் காலம் மிக முக்கியம். பிறந்த கன்றின் குடல், எதிர்ப்பொருளைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் சேர்க்கும் தன்மை உடையது. இத்தன்மை முதல் 6 மணி நேரத்தில் நன்றாக இருந்து, பிறகு குறைந்துகொண்டே வந்து, சுமார் 24 மணி நேரத்தில் நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது சத்துணவாகுமே தவிர இரத்தத்தில் பாதுகாப்பாகச் சேராது.

நம் கிராமங்களில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விட வேண்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இருக்கிறது. நஞ்சுக்கொடி விழ 8 முதல் 12 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் கன்றின் நல்ல நேரம் கடந்துவிடும். உண்மையில் கன்று மடியை முட்டி ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்து, நஞ்சுக்கொடி விழவும் உதவுகிறது. ஆகவே காத்திருப்பதால் பசுவுக்கும் நன்மை இல்லை.

கடைப்பிடிக்க வேண்டிய முறை வருமாறு:

1. மடியையும் காம்புகளையும் கழுவித் துடைத்து, கன்று எழுந்து நின்றவுடன் ஊட்ட விடவும். பிறந்த 2 மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு முடிய வேண்டும்.

2. முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். இதில் பெரும்பகுதி முதல் 6 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். இரண்டரைக் கிலோ ஆட்டுக்குட்டிக்கு 250 மில்லி போதும்.

3. எழ முடியாத கன்றுக்குக் கறந்து, சுத்தமான புட்டியில் ரப்பர் காம்பு வைத்துப் புகட்டவும். வாயைப் பிளந்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

4. சீம்பாலைக் காய்ச்சிக் கொடுக்கக் கூடாது. கொதித்தால் எதிர்ப்பொருள் கெட்டுவிடும். குளிர்ந்திருந்தால் பாத்திரத்தை கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கவும்.

5. தாய் இறந்துவிட்டாலும், மடிநோயால் பால் கெட்டிருந்தாலும், அன்று ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம்.

சீம்பால் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் முதல் கறவை கன்றின் பங்கு. மிஞ்சியதே வீட்டுக்கும் ஊருக்கும்.

சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு துள்ளுமாரித் தடுப்பூசி போட்டால், அந்த எதிர்ப்பொருள் சீம்பாலில் இறங்கிக் குட்டியையும் காக்கும். ஓர் ஊசியில் இரண்டு உயிருக்குக் காப்பு.

தடுப்பூசி வந்த வரலாறு

1796-ல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரைச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தி, அது பெரியம்மையைத் தடுப்பதைக் காட்டினார். 'வாக்சின்' என்ற சொல்லே பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

1881-ல் பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டர் ஒரு பண்ணையில் எல்லோரும் பார்க்க ஒரு சோதனை நடத்தினார். 24 செம்மறியாடுகள், ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு வீரியம் குறைத்த அடைப்பான் கிருமியை 12 நாள் இடைவெளியில் இருமுறை செலுத்தினார். 24 செம்மறியாடுகள், ஒரு வெள்ளாடு, 4 மாடுகளுக்கு எதுவும் போடவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தினார். ஊசி போடாத செம்மறிகளும் வெள்ளாடும் மடிந்தன; மாடுகள் வீங்கிக் காய்ச்சல் கண்டன. ஊசி போட்டவை நலமாக நின்றன.

தடுப்பூசியில் கிருமி இரு விதமாக இருக்கும். ஆட்டுக்கொல்லி நோய், கோழிக் கழிச்சல் ஆகியவற்றுக்கான ஊசியில் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி இருக்கிறது. கோமாரி ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி. முன்னது பொதுவாக நீண்ட காலம் காக்கும். பின்னதைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆட்டுக்கொல்லி ஊசியின் பலன் சுமார் 3 ஆண்டுகள் நிற்பதற்கும், கோமாரி ஊசியை 6 மாதத்திற்கு ஒருமுறை போடச் சொல்வதற்கும் இதுவே முக்கிய காரணம்.

ஊசி போட்டும் நோய் வருவது ஏன்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

முதலாவது, நோய் ஊருக்குள் வந்த பிறகு போடுவது. கிருமி ஏற்கெனவே உடலில் புகுந்திருந்தால், ஊசி பலன் தருமுன் நோய் முந்திக்கொள்ளும். ஊசியால் நோய் வந்தது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இவ்வாறு வந்ததே.

இரண்டாவது, மிக இளம் வயதில் போடுவது. சீம்பால் வழி வந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும்போது, அது ஊசி மருந்தையும் கிருமி என்றே எண்ணி முடக்கிவிடும். கைமாற்று நெல் தீரும் சமயம் பார்த்துத்தான் சொந்த விதைப்பு தொடங்க வேண்டும். கோமாரி ஊசியைக் கன்றுக்கு 4 மாத வயதில் தொடங்கச் சொல்வது இதனாலேயே.

மூன்றாவது, இரண்டாம் ஊசியை விட்டுவிடுவது. முதல் ஊசி உடலுக்குக் கிருமியை அறிமுகம் செய்கிறது. ஒரு மாதம் கழித்துப் போடும் ஊசிதான் பாதுகாப்பை உறுதியாக்குகிறது.

நான்காவது, மருந்து கெட்டுப்போவது. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியசு குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்தால் கெடும். கோமாரி மருந்து உறைந்தாலும் கெடும். பனிக்கட்டி இல்லாமல் சட்டைப் பையில் வந்த மருந்தை நம்ப வேண்டாம்.

ஐந்தாவது, மாட்டின் நலிவு. குடற்புழு நிறைந்த, தீனி இல்லாமல் மெலிந்த மாட்டின் உடலில் எதிர்ப்பொருள் சரியாக உண்டாகாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுக்கவும்.

ஊசி போட்டபின் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும், சிறிது பால் குறைவும், ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் காணலாம். இவை உடல் வேலை செய்வதன் அறிகுறிகள். பால் மீண்டும் வந்துவிடும். நிறைசினை மாட்டைப் பற்றி மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "என் மாட்டுக்கு வேண்டாம்" என்று ஒருவர் ஒதுங்கினால், அந்த மாடு வழியே கிருமி ஊருக்குள் நுழைய வாசல் திறந்துவிடும்.

எப்போது எந்த ஊசி?

கோமாரி: கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு 6 மாதத்திற்கு ஒருமுறை. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இது கட்டணமின்றிப் போடப்படுகிறது.

கன்று வீச்சு நோய்: 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், ஒரே முறை. காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் கூடாது.

தொண்டை அடைப்பான், சப்பை நோய்: ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பு. அடைப்பான் கண்ட பகுதிகளில் அதற்கும் ஆண்டுதோறும்.

ஆட்டுக்கொல்லி நோய்: குட்டிக்கு 4 மாத வயதில், பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை. இந்தியாவில் இந்நோய் முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில்தான்.

துள்ளுமாரி: ஆண்டுதோறும், மழை பெய்து புதுப்புல் தழைக்கும் முன்பு.

கோழிக் கழிச்சல்: குஞ்சுக்கு 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; 8-ஆம் வாரத்தில் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி.

நமக்கும் உண்டு இந்த இருவழிக் காப்பு

1890-ல் பெரிங், கிடசாட்டோ என்ற இருவர், இரணஜன்னிக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற பிராணியின் இரத்தநீரை மற்றொரு பிராணிக்குச் செலுத்தி அதையும் காக்கலாம் என்று காட்டினர். வெறிநாய்க் கடிக்கும் பாம்புக் கடிக்கும் இன்று கொடுக்கும் மருந்துகள் இந்த வழியில் வந்தவையே.

வெறிநாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ தடவக் கூடாது. தடுப்பூசி பலன் தர ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆகவே இரத்தம் வரும் காயமானால், காயத்திலும் அதைச் சுற்றியும் எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள். அது கைமாற்று, உடனே கிருமியை முடக்கும். ஆனால் அது கரைந்துவிடும் என்பதால் தடுப்பூசித் தவணைகளை விடாமல் முடிக்க வேண்டும். ஒன்று இருக்க மற்றது எதற்கு என்று நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெறிநோய் கண்டபின் பிழைப்பது அரிது. மாடு எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் கத்தினால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

பாம்புக் கடிக்கு நம்மிடம் தடுப்பூசி கிடையாது. கைமாற்று மட்டுமே உண்டு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்ததே நஞ்சுமுறிவு மருந்து. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியிலிருந்து இதற்கான நஞ்சை வழங்கி வருகிறது. இந்த மருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும். பச்சிலை தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

எல்லோரும் போட்டால் நோயே ஒழியும்

ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக் கொண்டுபோன வெக்கை நோய் இன்று உலகில் எங்கும் இல்லை. இந்தியா அந்நோயற்ற நாடாக 2006-லும், உலகம் முழுவதும் ஒழிந்ததாக 2011-லும் அறிவிக்கப்பட்டது. மாடுகளுக்கு விடாமல் போட்ட தடுப்பூசியே அதற்கு அடிப்படை. அடுத்து ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் இலக்கு.

உங்கள் தொழுவத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கன்று பிறந்த நேரம், சீம்பால் கொடுத்த நேரம், ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசியின் தேதி ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். முகாம் எப்போது என்பதை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு, அன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் கட்டி வையுங்கள்.