பொருளடக்கம்

நூலின் தலைவாயிலில் நின்று, உள்ளே இருப்பவற்றை முறையாக எடுத்துரைத்து, வேண்டும் இடத்திற்கு வழிகாட்டுவது பொருளடக்கம் ஆகும். ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை படிக்க எல்லார்க்கும் எப்போதும் காலம் வாய்ப்பதில்லை. மருத்துவர்க்கு ஒரு நோயைப் பற்றிய பகுதி மட்டும் உடனே வேண்டியிருக்கும். உழவர்க்கு ஓர் உரத்தைப் பற்றிய செய்தி மட்டும் தேவைப்படும். அத்தகையோர் பக்கம் பக்கமாகப் புரட்டி அலையாமல், நாடிய பொருளை விரைவில் அடைய உதவுவது அச்சிறு பட்டியலே.

இவ்வழக்கம் மிகப் பழையது. உரோம நாட்டு அறிஞராகிய பிளினி என்பார், கி.பி. 77 ஆம் ஆண்டை ஒட்டி, ‘இயற்கை வரலாறு’ என்னும் தம் பெருநூலை வெசுப்பாசியன் பேரரசரின் மைந்தராகிய டைட்டஸுக்கு உரிமையாக்கினார். அந்நூல் 37 பகுதிகளை உடையது. அவற்றுள் முதற்பகுதி, ஏனைய 36 பகுதிகளிலும் அடங்கிய பொருள்களை வரிசைப்படுத்திக் கூறுகிறது. அரசியற் பணிகள் மிகுந்த டைட்டஸ் நூல் முழுவதையும் படிக்க வேண்டுவதில்லை என்றும், வேண்டியதை வேண்டிய இடத்தில் தேடிக் கொள்ளலாம் என்றும் பிளினி தம் முன்னுரையில் குறித்தார். தமக்கு முன்னரே வலேரியஸ் சொரானஸ் என்பவர் இலத்தீன் மொழியில் இவ்வாறு செய்துள்ளார் என்பதையும் அவர் மறவாமல் கூறினார்.

தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய காப்பியங்களின் முகப்பில் உள்ள பதிகங்கள், அந்நூல்களின் முப்பது முப்பது பகுதிகளையும் முறையே அடுக்கிக் கூறுகின்றன. ஆயினும், கையால் எழுதிய காலத்தில் ஒரு படியின் ஏடு மற்றொரு படியின் ஏட்டோடு ஒத்திராது. ஆதலின் பகுதிகளின் பெயரைச் சொல்ல இயன்றதேயன்றி, எல்லாப் படிகளுக்கும் பொருந்தும் பக்க எண்ணைச் சொல்ல இயலவில்லை. அச்சுக்கலை வந்த பின்னரே அது கைகூடிற்று. ஒரு பதிப்பின் படிகள் அனைத்திலும் பக்கங்கள் ஒன்றுபோல் அமைந்தமையே அதற்குக் காரணம்.

அப்போது புதியதோர் இடர் தோன்றியது. பொருளடக்கம் நூலின் முதலில் நிற்பது. அதில் இடவேண்டிய எண்களோ நூல் முழுவதும் கோத்து முடிந்த பின்னரே தெரிபவை. இதற்கு அச்சகத்தார் ஒரு வழி கண்டனர். நூலின் உடலை முதலில் கோத்து, முன்பக்கங்களை இறுதியில் கோத்தனர். முன்பக்கங்களுக்கு உரோம எண்களை இட்டு, நூலின் உடலை 1 என்னும் எண்ணிலிருந்து தொடங்கினர். முன்பக்கங்கள் கூடினும் குறையினும் உள்ளே உள்ள எண்கள் மாறாதிருக்க இம்முறை துணை செய்தது.

இக்காலத்தில் கணிப்பொறியின் சொற்செயலியில் எழுதுவோர்க்கும் அதே இடர் உண்டு. அதனை அறியாதார் பொருளடக்கத்தைக் கையாலேயே தட்டச்சு செய்வர். தலைப்பை எழுதி, புள்ளிகளை வரிசையாக இட்டு, இறுதியில் பக்க எண்ணைச் சேர்ப்பர். இதனால் விளையும் குறைகள் இரண்டு. ‘ண’ அகன்ற எழுத்து. ‘ர’ குறுகிய எழுத்து. எழுத்துகளின் அகலம் இவ்வாறு வேறுபடுதலால், புள்ளிகளை எத்துணை கருத்தாக இட்டாலும் எண்கள் ஒரே நேர்க்கோட்டில் நில்லா. இது கண்ணுக்குத் தோன்றும் குறை. மற்றது இதனினும் பெரிது. அறுபது பக்க அறிக்கையின் பத்தாம் பக்கத்தில் ஒரு முழுப்பக்கப் படத்தைப் புதிதாகச் சேர்த்தால், அதற்குப் பின்வரும் எண்கள் யாவும் பிழையாகிவிடும். பட்டியலோ பிழையை வெளியே காட்டாது. முன்போலவே அழகாக நிற்கும்.

முறையறிந்தோர் வேறு வழியை மேற்கொள்வர். அவர்கள் தலைப்பைத் தடித்த எழுத்தாக்குவதோடு நில்லாது, ‘இது தலைப்பு’ என்று கணிப்பொறிக்கு அறிவிப்பர். மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் ஆகிய சொற்செயலிகளில், தலைப்புகளுக்கென முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை எனப் படிப்படியான பாணிகள் உள்ளன. இயலின் பெயருக்கு முதல்நிலையும், அதன் உட்பிரிவுக்கு இரண்டாம் நிலையும் தருதல் வேண்டும். பின்னர்ப் பொருளடக்கத்தை அமைக்குமாறு ஏவினால், கணிப்பொறி அத்தலைப்புகளை எல்லாம் திரட்டி, நிலைக்கேற்ப உள்தள்ளி, பக்க எண்களை வலக்கரையில் நிறுத்தி, இடையே புள்ளிகளை நிரப்பித் தரும்.

ஆயினும் அப்பட்டியல், நூல் மாறுந்தோறும் தானே மாறிக்கொள்ளும் என்று எண்ணிவிடல் ஆகாது. வேர்டில் பட்டியலின் மேல் சுட்டியை வைத்து எஃப்9 விசையை அழுத்திப் புதுப்பித்தல் வேண்டும். பக்க எண்களை மட்டும் புதுப்பிப்பதா, பட்டியல் முழுவதையும் புதுப்பிப்பதா என்று அது வினவும். தலைப்பின் சொற்கள் மாறியிருப்பின் முழுவதையும் புதுப்பிப்பதே தக்கது. பட்டியலின் மேல் கையால் செய்த அழகுகள் அப்போது அழிந்துவிடும். எனவே எழுத்தின் அளவையும் வரியின் இடைவெளியையும் மாற்ற விரும்புவோர், பொருளடக்கத்தின் ஒவ்வொரு நிலைக்கும் உரிய பாணியிலேயே அவற்றை மாற்றுதல் வேண்டும். பாணியில் செய்த மாற்றம் புதுப்பித்த பின்னும் நிலைத்து நிற்கும்.

இதனால் பெறும் பயன் பக்க எண்ணோடு முடிவதன்று. கணிப்பொறி திரட்டித் தரும் பட்டியல், எழுதியவரின் சிந்தனைக்கு ஒரு கண்ணாடி. ஓர் இயலில் இருபது உட்தலைப்புகளும் மற்றோர் இயலில் ஒன்றும் இல்லாமையும், ஒரே பொருள் இரண்டு இடங்களில் வந்திருப்பதும், காரணத்திற்கு முன்னே பயன் நிற்பதும் அக்கண்ணாடியில் தெளிவாகத் தோன்றும். அவற்றைத் திருத்துவது கணிப்பொறியின் கடன் அன்று. எழுதுவோரின் கடனே ஆகும்.

வழிப்போக்கர் கைகாட்டி மரத்தை நம்பி நடக்கின்றனர். அது தவறான திசையைக் காட்டின், நடந்த நடையெல்லாம் வீணாகும். நூலின் முகப்பில் நிற்கும் எண்ணையும் படிப்போர் அவ்வாறே நம்புகின்றனர். ஆதலின், எழுதி முடித்த நூலைப் பிறர் கையில் கொடுக்கும் முன்னர், பொருளடக்கத்தை ஒருமுறை புதுப்பித்து, எண்களைச் சரிபார்த்தல் வேண்டும். அது சிறு பணியே. ஆயினும் முகமறியாத வாசகர்க்கு எழுத்தாளர் காட்டும் நேர்மை அச்சிறு பணியில் அடங்கியுள்ளது.