பந்தி தரும் பாடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஓணத்தன்று வாழையிலையில் அவியல், ஓலன், எரிசேரி, தோரன் என்று காய்கறிகள் வரிசையாகப் பரிமாறப்படுகின்றன. வீட்டில் பூசணியைக் கண்டாலே முகம் சுளிக்கும் குழந்தையும் அந்தப் பந்தியில் அதனைச் சுவைத்துப் பார்ப்பதுண்டு. இதற்குக் காரணம் என்ன?

அமெரிக்க உளவியலாளர் லீஆன் பிர்ச் 1980-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு காய்கறியை விரும்பாத சிறு குழந்தைகளை, அதை விரும்பி உண்ணும் குழந்தைகளோடு சில நாட்கள் மதிய உணவிற்கு அமர்த்தினார். நாளடைவில் அவர்களும் அதையே தேர்ந்தெடுத்தனர். 1984-இல் வெளிவந்த அவரது மற்றோர் ஆய்வில், பரிசு காட்டிப் பருகச் செய்த பானத்தின்மீது குழந்தைகளின் விருப்பம் குறைந்தது. பரிசுக்காக உண்பவன் பரிசைத்தான் விரும்பக் கற்கிறான்.

புதிய சுவை பழகுவதற்குப் பத்து முறையேனும் சுவைக்க வேண்டியிருக்கலாம். ஆகவே பெற்றோர் பொறுமை காக்க வேண்டும். ஒரு கரண்டி மட்டும் பரிமாறுங்கள், வற்புறுத்தாதீர்கள், மறுத்தால் மற்றொரு நாள் மீண்டும் வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அதே காய்கறியை நீங்களும் அருகமர்ந்து மகிழ்வோடு உண்ணுங்கள். ஓணம் ஆண்டிற்கு ஒருமுறை வருகிறது. குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் பந்தியை நாள்தோறும் அமைப்பது நம் கையில் உள்ளது.