காசிமேட்டு போட் முகப்பேருக்கு எப்படி வந்துச்சு? – ஜிபிஎஸ் எண்ணை சரியா படிக்க ஒரு பாடம்

எம்பெடட் புராஜெக்ட்னு சொன்னாலே நம்ம ஊர் காலேஜ்கள்ல ஒரு தலைப்பு வருஷா வருஷம் கண்டிப்பா வரும்: மீனவர்களுக்கான கடல் எல்லை எச்சரிக்கைக் கருவி. ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு எல்சிடி, ஒரு பஸ்ஸர். சர்க்யூட் ஒரு மணி நேர வேலை. நிஜமான வேலை அதுக்கு அப்புறம்தான்: மாட்யூல் அனுப்புற எழுத்துகளை எண்ணா மாத்தணும், அந்த எண்ணைத் திரும்ப எழுத்தா மாத்தி எல்சிடில காட்டணும். இந்த ரெண்டு இடத்துலயும் கம்பைலர் எந்த எர்ரரும் சொல்லாது. புரோகிராம் ஓடும், திரையில ஒரு எண்ணும் வரும், ஆனா அது தப்பான எண்ணா இருக்கும்.

இந்தப் பாடத்துல காசிமேடு மீன்பிடி துறைமுகத்தையே உதாரணமா எடுத்துக்கலாம். பேப்பர், பேனா வச்சுக்கோங்க. கணக்கு நிறைய இருக்கு, ஆனா எல்லாம் எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

மாட்யூல் என்ன அனுப்புது?

ஜிபிஎஸ் மாட்யூல் பேசுற மொழிக்குப் பேர் என்எம்இஏ 0183. கப்பல் கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசுறதுக்காக உருவாக்கின ஸ்டாண்டர்ட் இது. ஒவ்வொரு வரியும் ஒரு டாலர் குறியில ஆரம்பிக்கும், நடுவுல எல்லாம் கமா போட்டுப் பிரிச்சிருக்கும், கடைசியில நட்சத்திரக் குறியும் ரெண்டு இலக்க செக்சம்மும் வரும். ஒரு வரி அதிகபட்சம் 82 எழுத்து. காசிமேட்டுல நிக்கிற ஒரு விசைப்படகுக்கு வரியோட முன்பாதி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

$ஜிபிஜிஜிஏ,043015,1307.5000,என்,08017.8000,ஈ,1,08,...

முதல்ல நேரம். இது யுடிசி, அதாவது 04:30:15. நம்ம நேரத்துக்கு 5 மணி 30 நிமிஷம் கூட்டினா காலை 10:00:15. அடுத்து அட்சரேகை, அது வடக்கா தெற்கா, அப்புறம் தீர்க்கரேகை, அது கிழக்கா மேற்கா. அதுக்கப்புறம் வர்ற 1, சேட்டிலைட் மூலமா இடம் கிடைச்சிருக்குன்னு சொல்லுது. அங்க 0 இருந்தா இடம் கிடைக்கலைன்னு அர்த்தம்.

முதல் பொறி: 1307.5 என்பது 13.075 இல்லை

1307.5000-ஐப் பார்த்ததும் கை தானா 100-ஆல வகுக்கப் போகும். 13.075, சென்னை 13 டிகிரி சொச்சம்தானே, சரியாத்தான் இருக்குன்னு தோணும். ஆனா அது 13 டிகிரி, 7.5 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அதனால 7.5-ஐ 60-ஆல வகுக்கணும்: 0.125. சரியான விடை 13.125.

தீர்க்கரேகையும் அப்படித்தான். 08017.8000 என்றால் 80 டிகிரி, 17.8 நிமிடம், அதாவது 80.29667. 100-ஆல வகுத்தா வர்றது 80.178.

இந்தத் தப்பு எவ்வளவு பெருசு? வடக்கு-தெற்குல 0.05 டிகிரி, சுமார் 5.5 கி.மீ. கிழக்கு-மேற்குல கிட்டத்தட்ட 0.119 டிகிரி, சுமார் 13 கி.மீ. ரெண்டையும் சேர்த்தா நேர்கோட்டுல 14 கி.மீ. மேப்புல 13.075, 80.178 போட்டுப் பாருங்க, முகப்பேர் பக்கம் போய் நிக்கும். காசிமேட்டு போட் முகப்பேர்ல மிதந்தா யாரும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க. அதே போட் நடுக்கடல்ல இருக்கும்போது? சுத்தியும் தண்ணி. 14 கி.மீ. தள்ளிக் காட்டினாலும் மேப்புல பார்க்கிறவருக்கு சந்தேகமே வராது. தேடிப் போற படகு மட்டும் வேற இடத்துக்குப் போகும்.

எல்லை எச்சரிக்கை புராஜெக்ட்ல இது இன்னும் மோசம். 1974-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல எல்லைப் புள்ளிகளை டிகிரி, நிமிடக் கணக்குலதான் குறிச்சிருக்காங்க. முதல் புள்ளி வடக்கு 10° 05', கிழக்கு 80° 03'. அதை கோட்ல 10.05, 80.03-னு டைப் பண்ணினா எல்லைப் புள்ளியே 4 கி.மீ-க்கு மேல நகர்ந்துடும். பஸ்ஸர் அடிக்குது, ஆனா தப்பான கோட்டுல அடிக்குது. அந்தக் கருவியை நம்பிப் போற மீனவருக்கு அதோட விலை படகு பறிமுதல், சிறை.

சரி, ஏன் இப்படி ஒரு குழப்பமான வடிவம்? கடல்ல வேலை செய்றவங்களுக்கு இது குழப்பமே இல்லை. அட்சரேகையில ஒரு நிமிடம் கிட்டத்தட்ட ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். சார்ட்ல தூரத்தை நேரா அளந்துடலாம்.

இரண்டாவது பொறி: முன்னாடி வர்ற பூஜ்யம்

சென்னையோட தீர்க்கரேகை எப்பவும் 080-னு பூஜ்யத்துல ஆரம்பிக்கும். சி மொழியில பூஜ்யத்துல ஆரம்பிக்கிற எண்ணுக்கு வேற அர்த்தம் உண்டு: அது ஆக்டல், எட்டடிமான எண். ஸ்டர்டோல் ஃபங்ஷனுக்கு பேஸ் 0 கொடுத்தாலோ, எஸ்-ஸ்கேன்எஃப்ல சதவீதக் குறியோட 'ஐ' போட்டாலோ, 08017-ஐ ஆக்டலா படிக்க ஆரம்பிக்கும். ஆக்டல்ல 8 என்ற இலக்கமே கிடையாது. அதனால அங்கேயே நின்னு 0-னு விடை கொடுத்துடும்.

நேரத்துல இது இன்னும் நைசா ஏமாத்தும். 043015-ல 8, 9 எதுவும் இல்லை, அதனால முழுசா ஆக்டலா படிச்சு 17933-னு கொடுக்கும். எர்ரர் இல்லை, வார்னிங்கும் இல்லை. தீர்வு ஒரே வரி: பேஸ் எப்பவும் 10-னு வெளிப்படையா கொடுங்க.

இன்னொண்ணும் உண்டு. ஆர்டுயினோ ஊனோல 'இன்ட்' என்பது 16 பிட். அதிகபட்சம் 32767. ஏ-டூ-ஐ வச்சு 043015-ஐப் படிச்சா 43015 அதுல அடங்காது, பெரும்பாலும் −22521 மாதிரி மைனஸ்ல ஒரு எண் வரும். லேப்டாப்ல டெஸ்ட் பண்ணும்போது 'இன்ட்' 32 பிட், அதனால எல்லாம் சரியா ஓடியிருக்கும். போர்டுக்குப் போனதும் கவிழ்ந்துடும். சைஸ் நிச்சயமா தெரிஞ்ச 32 பிட் டைப்பையே பயன்படுத்துங்க.

மூன்றாவது பொறி: காலி இடம்

மாட்யூலுக்கு சேட்டிலைட் கிடைக்கலைன்னா இப்படி ஒரு வரி வரும்:

$ஜிபிஜிஜிஏ,,,,,,0,,,,,,,,*66

இதை ஏ-டூ-ஐ கிட்ட கொடுத்தா காலி இடத்துக்கு 0-னு சொல்லும். அட்சரேகை 0, தீர்க்கரேகை 0. அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடா. நிஜ 0-க்கும், "எனக்குத் தெரியலை" என்பதற்கும் ஏ-டூ-ஐ வித்தியாசம் காட்டாது. ஸ்டர்டோல் காட்டும்: எந்த எழுத்து வரைக்கும் படிச்சேன்னு ஒரு பாயின்டர் திருப்பித் தரும். அது ஆரம்பிச்ச இடத்துலயே இருந்தா எண்ணே இல்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

ஸ்டர்டோக் வச்சு கமாக்களைப் பிரிக்கிறவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். பக்கத்துப் பக்கத்துல ஆறு கமா இருந்தாலும் அது ஒரே கமாவாத்தான் எடுத்துக்கும். காலி இடங்கள் காணாமப் போயிடும், அதுக்கு அடுத்த தகவல் எல்லாம் முன்னாடி நகர்ந்துடும். ஆறாவது இடத்துல இருந்த 0 முதல் இடத்துக்கு வந்து நேரமா மாறிடும். ஒவ்வொரு எழுத்தா பார்த்து, கமா வரும்போதெல்லாம் கவுன்ட்டரை ஒண்ணு கூட்டுற லூப் நீங்களே எழுதுங்க. பத்து வரிதான்.

செக்சம்: கையால போட்டுப் பாருங்க

டாலருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவுல இருக்கிற எல்லா எழுத்தையும் எக்ஸ்-ஆர் பண்ணினா செக்சம். மேல இருக்கிற வரியையே எடுத்துக்கலாம். ஹெக்ஸ்ல ஜி 47, பி 50, ஏ 41. ஜி, பி, ஜி, ஜி, ஏ-வை வரிசையா எக்ஸ்-ஆர் பண்ணினா: 47, 17, 50, 17, கடைசியில 56. கமா மொத்தம் 14, இரட்டைப்படை, அதனால ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். மிச்சம் '0' என்ற எழுத்து, அதோட ஹெக்ஸ் 30. 56-ஐயும் 30-ஐயும் எக்ஸ்-ஆர் பண்ணினா 66. நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கிற அதே 66!

இஞ்சின் சத்தம், லூஸ் ஒயர், உப்புக்காத்துல துருப்பிடிச்ச கனெக்டர், இதெல்லாம் ஒரு பிட்டைத் திருப்பிப் போட்டா செக்சம்தான் பிடிக்கும். செக்சம் ஒத்துப்போகாத வரியைத் தூக்கிப் போடுங்க. அடுத்த வரி பொதுவா ஒரு நொடியில வந்துடும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். 'ஜிபி' என்ற முன்னெழுத்து ஜிபிஎஸ்-க்கு மட்டும். பல சேட்டிலைட் அமைப்புகளைச் சேர்த்துப் படிக்கிற மாட்யூல் 'ஜிஎன்'-னு அனுப்பும், நம்ம நாவிக்-குக்கு 'ஜிஐ'. அதனால முதல் ரெண்டு எழுத்தை விட்டுட்டு பின்னாடி வர்ற 'ஜிஜிஏ'-வை மட்டும் சரிபாருங்க.

புள்ளியே இல்லாம கணக்கு

32 பிட் ஃப்ளோட்ல 8017.8000-ஐ வச்சா, அந்த அளவு எண்களுக்கு அடுத்தடுத்த ரெண்டு மதிப்புக்கு நடுவுல இடைவெளி சுமார் 0.0005 நிமிடம். தரையில அது ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஊனோல 'டபுள்'னு எழுதினாலும் அதே 32 பிட்தான். அதனால முழு எண்ணாவே போட்டுடலாம்:

1. புள்ளியை விட்டுட்டு இலக்கங்களை மட்டும் சேருங்க. புள்ளிக்குப் பின்னாடி சரியா 5 இலக்கம் இருக்கிற மாதிரி பூஜ்யம் நிரப்புங்க. 08017.8000 → 801780000.
2. 10000000-ஆல வகுங்க. ஈவு 80, அதுதான் டிகிரி. மீதி 1780000, அதாவது 17.8 நிமிடம்.
3. மீதியை 5-ஆல பெருக்கி, 1 கூட்டி, 3-ஆல வகுங்க: 2966667. (60-ஆல வகுக்கிறதும் 100-ஆல பெருக்கிறதும் சேர்ந்தா 5/3. அந்த 1, ரவுண்டிங்குக்கு.)
4. 80 × 10000000 + 2966667 = 802966667.

இது டிகிரியை ஒரு கோடியால பெருக்கின எண். 180 டிகிரி வரைக்கும் 32 பிட்ல அடங்கும். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வர்ற பெரிய கப்பல்கள் ஏஐஎஸ்-ல தங்களோட இடத்தை அனுப்புறதும் முழு எண்ணாத்தான், நிமிடத்துல பத்தாயிரத்துல ஒரு பங்குக் கணக்குல. நம்ம காசிமேட்டு அட்சரேகை 787.5 நிமிடம், ஏஐஎஸ்-ல 7875000.

திரும்ப எழுத்தாக்கும்போது

ஆர்டுயினோல எஸ்-பிரிண்ட்எஃப் வச்சு ஃப்ளோட்டை அச்சடிச்சா ஒரு கேள்விக்குறிதான் வரும். இடத்தை மிச்சம் பிடிக்க அந்தப் பகுதியை லிங்க் பண்றதில்லை. நம்மகிட்ட முழு எண் இருக்கு, அதனால கவலை இல்லை: கோடியால வகுத்து ஈவு, புள்ளி, மீதி.

ஆனா மீதியை 7 இலக்கமா, முன்னாடி பூஜ்யம் நிரப்பி அச்சடிக்கணும். சென்னைத் துறைமுகம் 13.0840000-னு வச்சுக்கோங்க. மீதி 840000, ஆறே இலக்கம். பூஜ்யம் நிரப்பலைன்னா திரையில 13.840000-னு வரும். 84 கி.மீ. வடக்கே, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தையும் தாண்டி! ராயபுரம், காசிமேட்டுல டெஸ்ட் பண்ணினா 13.1 சொச்சம், இந்த பக் வெளியவே வராது. டெஸ்ட் பண்ற இடத்தையும் மாத்திப் பாருங்க.

பஃப்பர் சைஸும் முக்கியம். மைனஸ், மூணு இலக்கம், புள்ளி, ஏழு இலக்கம், கடைசி நல் எழுத்து: மொத்தம் 13 பைட். அளவு சொல்லிக் கொடுக்கிற எஸ்-என்-பிரிண்ட்எஃப்பையே பயன்படுத்துங்க.

கடைசியா, யாருக்குக் காட்டுறோம்னு யோசிங்க. போட்டுல இருக்கிறவர் வயர்லெஸ்ல "13, 07, 50"-னு சொன்னா, அது 7.50 நிமிடமா, 7 நிமிடம் 50 நொடியா? ரெண்டுக்கும் வித்தியாசம் 600 மீட்டருக்கு மேல. அதனால எல்சிடில வெறும் எண்ணைக் காட்டாதீங்க. 13° 07.500' வடக்குன்னு, புள்ளியும் குறியும் திசையும் சேர்த்துக் காட்டுங்க. ஆபத்துல கடலோரக் காவல்படையை 1554-ல கூப்பிடுறவர் அதை அப்படியே படிச்சுச் சொல்ற மாதிரி இருக்கணும்.

வீட்டுப்பாடம்: 1312.0600, 08019.5000. இதை மேல சொன்ன நாலு படியில மாத்துங்க. 132010000, 803250000 வந்தா பாஸ். அப்புறம் அதே எண்ணை 100-ஆல வகுத்து எங்க போய் விழுதுன்னு மேப்புல பாருங்க. அடுத்த தடவை யாராவது ரிவ்யூல எல்லை எச்சரிக்கைக் கருவி காட்டினா, என்ன கேள்வி கேக்கணும்னு உங்களுக்கே தெரியும்.