தட்டம்மை: வயதும் உடல்நிலையும்

ஒரே வீட்டில் இரு குழந்தைகளுக்குத் தட்டம்மை காண்கிறது. எட்டு வயதுச் சிறுமி சில நாட்களில் எழுந்து நடமாடுகிறாள். ஒரு வயதுத் தம்பிக்கோ நிமோனியா கண்டுவிடுகிறது. கிருமி ஒன்றே, வேற்றுமை எதனால் விளைந்தது?

முதற் காரணம் வயது. தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற எதிர்ப்பொருள்கள் குழந்தையைச் சில மாதங்கள் காக்கின்றன. அவை உள்ளவரை தடுப்பூசியிலுள்ள வலுக்குறைத்த வைரஸும் சரிவரப் பெருகுவதில்லை. ஆகவே, நம் நாட்டில் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. தாய் தந்த காப்பு மறைந்து, ஊசியின் காப்பு இன்னும் கிட்டாத இடைக்காலமே அபாயமானது. 2022இல் மும்பையில் நோய் பரவியபோது, ஒன்பது மாதத்திற்கு உட்பட்டோர் நோயாளிகளில் பத்து சதவிகிதத்துக்கு மேல் இருந்த பகுதிகளில் ஆறு மாதம் முதலே ஒரு தவணை அளிக்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது இதனாலேயே.

அடுத்தது உடல்நிலை. சத்துக்குறைவுற்ற குழந்தையின் எதிர்ப்பாற்றல் முன்னரே தளர்ந்துள்ளது. வைட்டமின் ஏ குறைந்தால் கண், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்படலம் நலிகிறது. தட்டம்மையோ எஞ்சிய வைட்டமினையும் கரைத்துவிடும். பார்வையிழப்பும் நீடித்த வயிற்றுப்போக்கும் இவ்வாறே நேர்கின்றன. நோயுற்ற, ஓராண்டு நிறைந்த குழந்தைக்கு அடுத்தடுத்த இரு நாட்களில் 2 லட்சம் அலகு வீதம் வைட்டமின் ஏ தர வேண்டும். ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு இதில் பாதி. நோய் கண்ட வீட்டில் குழந்தையின் உணவைக் குறைக்கும் வழக்கம் பெருந்தீங்கு.

இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் நிலை வேறு. அதற்குத் தடிப்பே தோன்றாமல் நுரையீரல் தாக்கப்படலாம். உயிருள்ள வைரஸ் அடங்கிய ஊசியையும் சிகிச்சைக் காலத்தில் போடலாகாது. அதன் காப்பு உடன்பிறந்தோரும் அண்டை வீட்டாரும் போட்டுக்கொள்ளும் ஊசியில்தான் உள்ளது.

களப்பணியில் இவ்விரண்டையும் குழப்புவதுண்டு. “மெலிந்த பிள்ளை, ஊசி தாங்காது” என்று திருப்பியனுப்பப்படும் குழந்தைக்குத்தான் ஊசி முதலில் தேவை. சத்துக்குறைவோ சாதாரணச் சளியோ தடையன்று. வருகைப் பதிவேட்டில் விடுபட்ட பெயர்களை எடை அட்டையுடன் ஒப்பிட்டால், எந்த வீட்டிற்கு முதலில் செல்ல வேண்டுமென்பது தெரிந்துவிடும்.