ஏழாம் வகுப்பின் ஆண்டுக் கணக்கு

பள்ளி ஆண்டு முடியும் சமயம் நம் வீடுகளில் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை மார்க்கு?" வேறு என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்பதை எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பை வைத்துச் சொல்கிறேன். நான் வாத்தியார் அல்லன். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்தவன். ஓய்வு பெற்றபின் ஹெப்பகோடியில் மகன் வீட்டில் வாசம். சனிக்கிழமை மாலைகளில் மொட்டை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழ் எழுத்தும் சொல்லித் தருகிறேன்.

2023 மார்ச்சில் என்னிடம் வந்தவர்களில் ஒன்பது பேர் ஏழாம் வகுப்பு. பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், தெருவில் இரண்டும். அவர்கள் படித்தது 'ஹிரிய பிராத்தமிக சாலெ'. நம் ஊர் நடுநிலைப் பள்ளி போன்றது. அந்தப் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும். எட்டாம் வகுப்புக்கு டி.சி. வாங்கிக்கொண்டு வேறிடம் போக வேண்டும். இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் நழுவிவிடுகிறார்கள்.

"கழிந்த ஆண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்றேன். எட்டுப் பேர் ஒரே மாதிரி எழுதினார்கள்: இந்த ஆண்டு மிகவும் நன்றாக இருந்தது, ஆசிரியர்கள் அன்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்பதாமவன் ஒன்றும் எழுதவில்லை.

பிழை என் கேள்வியில்தான். ரயில்வேயில் ஒரு வேலை முடிந்தால் கம்ப்ளீஷன் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. மதிப்பீடு எவ்வளவு, செய்தது எவ்வளவு, வித்தியாசம் வந்தால் ஏன் வந்தது என்று எழுத வேண்டும். "வேலை நன்றாக நடந்தது" என்று மட்டும் எழுதி அனுப்பினால் காகிதம் வந்த வழியே திரும்பும்.

அடுத்த சனிக்கிழமை ஒரு நீளத் தாளில் ரயில் பாதை போல ஒரு கோடு போட்டோம். 2020 மார்ச், நாலாம் வகுப்பு: கொரோனாவால் பள்ளி மூடியது. ஐந்தாம் வகுப்பு முழுவதும் வகுப்பறை இல்லை. ஆறாம் வகுப்பு 2021 செப்டம்பர் 6ஆம் தேதி திறந்தது. 2022 ஜனவரி 6 முதல் பெங்களூரில் மறுபடி மூடி, 31ஆம் தேதி திறந்தார்கள். ஏழாம் வகுப்பு 2022 மே 16ஆம் தேதியே, வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்கியது. விட்டுப்போன படிப்பை மீட்பதற்காக அந்த ஆண்டுக்குக் கர்நாடக அரசு 'கலிகா சேத்தரிகெ' என்று பெயரிட்டிருந்தது. கோட்டைப் போட்டு முடித்ததும் ஒரு சிறுமி சொன்னாள்: "தாத்தா, நாலாவதுல ஏறி நேரா ஏழாவதுல இறங்கிட்டோம். நடுவுல ஸ்டேஷனே இல்ல." மூன்று ஆண்டுகளில் அவர்களுக்கு முழுதாகக் கிடைத்தது அந்த ஓர் ஆண்டுதான். மார்க்குச் சீட்டில் இது எங்கே தெரியப்போகிறது?

எழுதும் முறையை மட்டும் நான் தொலைதூரத்திலிருந்து கடன் வாங்கினேன். இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகருக்கு அப்பால் பார்பியானா என்றொரு மலைக் கிராமம். அங்கே லோரென்சோ மிலானி என்ற பாதிரியார், மற்றப் பள்ளிகள் பெயிலாக்கி அனுப்பிய ஏழைப் பிள்ளைகளுக்கும் பாடம் நடத்தினார். அவருடைய மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளிவந்தது. அவர்கள் கையாண்ட வழி எளியது. தோன்றியதைத் தனித்தனிச் சீட்டில், ஒரு பக்கம் மட்டும் எழுதுவது. எல்லாச் சீட்டுகளையும் மேசைமேல் பரப்பி, ஒன்றையே திரும்பச் சொல்பவற்றை எடுத்துவிட்டு, உறவுள்ளவற்றை அடுக்கடுக்காக வைப்பது. அந்த அடுக்குகளே கட்டுரையின் பகுதிகள்.

எங்களுக்கு மேசை இல்லை, பாய் இருந்தது. ஒன்பது பேருக்கும் காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கேள்விகளையும் மாற்றினேன். மே மாதம் வராமலிருந்து இப்போது வருகிற ஒரு கணக்கு எது? போட்டுக் காட்டு. எது இன்னும் வரவில்லை? யாரிடம் கேட்டுக் கற்றாய்? எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, ஏன்? தமிழோ கன்னடமோ, கைக்கு வந்த மொழியில் எழுதலாம் என்றேன்.

அதில் நான் ஒரு தவறு செய்தேன். முதல் நாள் வந்த சீட்டுகளில் ர, ற பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திவிட்டேன். மறுவாரம் இரண்டு பேர் வரவில்லை. நானே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். அதன்பின் கடைசியில் நல்ல பிரதி எடுக்கும்போதுதான், எல்லாரும் சேர்ந்து, பிழை திருத்தினோம்.

சீட்டுகள் பேசின. "பின்னக் கழித்தல் வரும். பெரிய வகுத்தல் வராது." "போன வருசம் போனுக்காக அண்ணனோட தினம் சண்டை. இந்த வருசம் சண்டை இல்ல." கன்னடத்தில் க, க்ஹ, க, க்ஹ என்று நாலு விதம் இருப்பது இந்த ஆண்டுதான் காதில் விழுந்தது என்று ஒருவன் எழுதியிருந்தான். தமிழில் எழுதும்போது நாலும் ஒரே எழுத்தாகிவிட்டதைப் பார்த்து அவனே சிரித்தான். இன்னொரு சீட்டு: "ஸ்கூலுக்குப் போற வழியில மெட்ரோ தூண் இருக்கு. ரயில் வரல." இதை எந்த அடுக்கில் வைப்பது என்று பெரிய விவாதம். 'இன்னும் முடியாதவை' அடுக்கில், பெரிய வகுத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

முதல் வாரம் எதுவும் எழுதாத பையன் கொடுத்தது ஒரே சீட்டு: "31 நாள் போகல. அம்மா வேலைக்குப் போனா தங்கச்சிய நான் பாத்துக்கணும்." எண்ணிக்கை சரிதானா என்று கேட்டேன். வீட்டுக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தானாம். எங்கள் கேங் மேட்டின் டைரி கூட அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

அவன் அப்பா ஏழாவதோடு நிறுத்திவிட முடிவு செய்திருந்தார். "படிப்பு ஏறல சார். பட்டறையில விட்டா தொழிலாவது வரும்" என்றார். பதினாலு வயது வரை படிப்பது பிள்ளையின் உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் போட்ட கணக்குகளையும் அந்தச் சீட்டையும் அவர்முன் வைத்து, "ஏறாமல் இல்லை தம்பி, அவன் போகவில்லை. போன நாளில் கற்றது இதோ இருக்கிறது" என்றேன். வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ பாப்பாவ யாரு சார் பாக்கறது?"

நியாயமான கேள்வி. அதற்கு என் கட்டுரைப் பயிற்சியில் விடை இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் சொன்னார்: குழந்தைக்கு மே மாதம் மூன்று வயது முடிகிறது, அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று. 2023 ஜூனில் தங்கை அங்கன்வாடிக்கும் அண்ணன் எட்டாம் வகுப்புக்கும் போனார்கள். மதியம் அங்கன்வாடி விட்டதும் அந்த அம்மாளே குழந்தையை வைத்துக்கொண்டார்.

ஒன்பது பேரும் சேர்ந்து எடுத்த நல்ல பிரதி நாலு பக்கம் வந்தது. தமிழில் ஒன்று, அவர்கள் டீச்சருக்காகக் கன்னடத்தில் ஒன்று. சீட்டுக் கட்டு என்னிடமே தங்கிவிட்டது.

2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை திறந்தது. ஹெப்பகோடியிலும் ரயில் நின்றது. அந்த வாரம், தூணைப் பற்றி எழுதிய பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"தாத்தா, அந்தப் பழைய கட்ட எடுங்க. ஒரு சீட்ட மாத்தி வெக்கணும்."

"வகுத்தல் சீட்டையுமா?" என்று கேட்டேன்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.