படத்தில் இல்லாத நடனம்

சான்றுகளை ஆராயக் கற்பிக்கும்போது, ஒன்பதாம் வகுப்பில் ஓர் அச்சுப்படத்தைக் காட்டுகிறேன். 1581 அக்டோபர் 15 இரவு, பாரிஸில் லூவர் அரண்மனையை ஒட்டிய மண்டபத்தில் பிரெஞ்சு அரசவையினர் நடத்திய வேடமிட்ட நடன நிகழ்ச்சி அது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்டது. அரசி லூயிஸே நீர்த்தேவதை வேடமிட்டு ஆடினார். 1582இல் படங்களுடன் நூலாக அச்சிட்டார்கள்.

மண்டபப் படத்தில் மன்னர் மூன்றாம் ஹென்றி நமக்கு முதுகு காட்டி, நடுவில் அமர்ந்திருக்கிறார். நடனம் எங்கே? காணோம்! மற்றப் படங்களில் உடையும் தேரும் நுணுக்கமாக இருக்கின்றன. காலடி அசைவு இல்லை.

“நடுவில் இருப்பது யார்? ஏன்?” என்றுதான் முதலில் கேட்பேன். பிரான்ஸ் மதப்போர்களால் நொந்திருந்த காலம் என்று பிறகு சொல்வேன். “அப்போ செலவு யாரோடது சார்?” என்று பின்வரிசையிலிருந்து கேள்வி வரும். அதற்குப் பிறகே பாடநூலைத் திறக்கிறோம்.